கோழி ஈரலில் பாஸ்பாடிடிக் அமில பாஸ்படேஸ்: சவ்விலும் இருக்கு, சைட்டோசாலிலும் இருக்கு. ஏன்?

சோதனைக்குழாய் எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். எம்.எஸ்சி. உயிர்வேதியியல், கடைசி செமஸ்டர். ப்ராஜெக்டுக்கு எடுத்திருப்பது பாஸ்பாடிடிக் அமில பாஸ்படேஸ், அதாவது பாஸ்பாடிடிக் அமிலம் என்ற லிப்பிட்டிலிருந்து பாஸ்பேட்டை வெட்டும் என்சைம்.

விடியற்காலை கறிக்கடையில் கோழி ஈரலை ஐஸில் போட்டு வாங்கி வந்து, 0.25 மோலார் சுக்ரோஸில் அரைத்து, மெதுவாகச் சுற்றிக் கழிவை எடுத்துவிட்டு, அப்புறம் 1,00,000 ஜி-யில் ஒரு மணி நேரம் சுற்றுகிறோம். மேலே நிற்கும் தெளிவை சைட்டோசால் (செல்லுக்குள் இருக்கும் திரவம்) என்றும், அடியில் உட்காரும் பெல்லட்டை மைக்ரோசோம் சவ்வு என்றும் எடுத்துக்கொள்கிறோம். பாஸ்பாடிடிக் அமிலத்தை ட்ரைட்டான் எக்ஸ்-100 என்ற டிடர்ஜென்டுடன் கலந்து கொடுத்து, விடுபடும் பாஸ்பேட்டை மாலகைட் பச்சை முறையில் அளக்கிறோம்.

சிக்கல் இதுதான். இரண்டு பகுதியிலும் நல்ல செயல்பாடு வருகிறது. உலோக அயனிகளைப் பிடித்துக்கொள்ளும் ஈடிடிஏ போட்டால் சைட்டோசாலில் கிட்டத்தட்ட ஒன்றுமே இல்லை. பெல்லட்டில் கொஞ்சம் குறைகிறதே தவிர, பெரிய பங்கு அப்படியே நிற்கிறது. என் கைடு "சவ்வு சரியாகக் கழுவப்படவில்லை, ஏதோ ஒட்டிக்கொண்டு வருகிறது, திரும்பக் கழுவு" என்கிறார். கழுவியும் பார்த்துவிட்டேன், போகவில்லை.

அடுத்த கேள்வி அடிப்படையானது. பாஸ்பாடிடிக் அமிலம் ஒரு லிப்பிட், அது சவ்வுக்குள்தான் இருக்கும். அப்படியிருக்க, என்சைம் சைட்டோசாலில் நீந்திக்கொண்டு என்ன செய்கிறது? பாடப்புத்தகத்தில் இந்தப் படிக்கு ஒரே ஒரு அம்புக்குறி. பாஸ்பேட்டை எடுத்தால் டையசில்கிளிசரால், அவ்வளவுதான் என்று அடுத்த பக்கத்துக்குப் போய்விடுகிறார்கள். வைவாவில் இதைக் கேட்டால் நான் என்ன சொல்வது?

ஈஸ்ட் அக்கா எழுதியது:

தம்பி, உங்கள் பெல்லட்டில் இருப்பது அழுக்கு இல்லை. எத்தனை முறை கழுவினாலும் போகாது, போகவும் கூடாது. நீங்கள் இரண்டு வேறு வேறு என்சைம் குடும்பங்களை ஒரே குழாயில் அளக்கிறீர்கள். ஈடிடிஏ போட்டதுமே அவை தனித்தனியாகப் பிரிந்து உங்கள் கண்முன் நிற்கின்றன.

முதல் குடும்பம் லிபின். பாலூட்டிகளில் லிபின் 1, 2, 3 என்று மூன்று உண்டு. இவற்றுக்கு மக்னீசியம் இல்லாமல் வேலை ஓடாது. அதனால்தான் ஈடிடிஏ மக்னீசியத்தைப் பிடித்துக்கொண்டதும் சைட்டோசால் அடங்கிப்போனது. சவ்வை ஊடுருவி நிற்கும் துண்டு எதுவும் லிபின் புரதத்தில் கிடையாது. சைட்டோசாலில் இருக்கும், தேவைப்படும்போது எண்டோபிளாச வலைச் சவ்வில் போய் உட்காரும். பெல்லட்டில் ஈடிடிஏ போட்டபோது குறைந்த பங்கு, பெரும்பாலும் அப்படி வந்து உட்கார்ந்திருந்த லிபின்.

இரண்டாவது குடும்பம் லிப்பிட் பாஸ்பேட் பாஸ்படேஸ்கள். இவை சவ்வை ஆறு முறை குறுக்கே கடந்து நிற்பவை, எங்கேயும் கழன்று போகாது. மக்னீசியம் தேவையில்லை. வெட்டும் இடம் செல்லுக்கு வெளிப்புறமாக, உள்சவ்வுகளில் என்றால் உட்குழிப் பக்கமாக, பார்த்திருக்கும். பாஸ்பாடிடிக் அமிலம் மட்டும் இல்லை, லைசோபாஸ்பாடிடிக் அமிலம், ஸ்பிங்கோசின்-1-பாஸ்பேட், செராமைடு-1-பாஸ்பேட் எல்லாவற்றிலும் கைவைக்கும். இவற்றின் முக்கிய வேலை கொழுப்பு செய்வது அல்ல, செல்லுக்கு வெளியே இருக்கும் லிப்பிட் சமிக்ஞைகளை அணைப்பது. ஈரலை அரைக்கும்போது செல்லின் வெளிச்சவ்வும் துண்டுதுண்டாகி உங்கள் மைக்ரோசோம் பெல்லட்டில் சேர்ந்துவிடுகிறது. ஈடிடிஏக்கு மசியாமல் நிற்பது இதுதான்.

உங்கள் ட்ரைட்டானையும் இதில் கணக்கில் எடுங்கள். அரைத்த சவ்வு மூடிய குமிழிகளாகிவிடும், வெட்டும் இடம் குமிழிக்குள் மாட்டிக்கொள்ளலாம். டிடர்ஜென்ட் குமிழியைத் திறந்து என்சைமை உங்கள் அடிமூலத்திடம் காட்டிவிடுகிறது. அதனால் சோதனைக்குழாயில் தெரியும் அளவு, உயிருள்ள செல்லில் அந்தப் பக்கம் நடக்கும் வேலையின் அளவு என்று நினைக்காதீர்கள்.

கைடிடம் காட்ட ஒரு எளிய சோதனை இருக்கிறது. ஈடிடிஏ மட்டும் போதாது, புரதத்தின் தயால் (சல்பர்) முனைகளைப் பிடிக்கும் என்-எதில்மாலிமைடும் போட்டுப் பாருங்கள். லிபின் வகை அதற்கு முடங்கும், மற்றது முடங்காது. இரண்டு வேறு வழியில் தடுத்தும் ஒரே பங்கு மிஞ்சினால், "கழுவவில்லை" என்ற வாதம் நிற்காது. ஆனால் பஃபரில் மெர்காப்டோஎத்தனாலோ டிடிடியோ (DTT; இரண்டும் தயால் உள்ளவை) இருந்தால் எதில்மாலிமைடை அதுவே தின்றுவிடும். அந்தக் குழாய்க்கு மட்டும் அவை இல்லாத பஃபர் வையுங்கள்.

இன்னொன்று. பாஸ்பேட்டை மட்டும் அளப்பது ஈரலில் ஆபத்து. ஈரலில் லைப்பேஸ்களும் இருக்கின்றன. அவை பாஸ்பாடிடிக் அமிலத்தின் கொழுப்பு அமிலங்களை முதலில் கழற்றி, மிஞ்சும் கிளிசரால்-3-பாஸ்பேட்டிலிருந்து வேறொரு பாஸ்படேஸ் பாஸ்பேட்டை எடுத்தாலும் உங்கள் மாலகைட் பச்சை அதே நிறம்தான் காட்டும். குளோரோஃபார்மில் லிப்பிட்டை எடுத்து டிஎல்சி (மெல்லடுக்கு நிறப்பிரிகை) தட்டில் ஓட்டி, டையசில்கிளிசரால் வருகிறதா என்று ஒருமுறையாவது பாருங்கள். வைவாவில் இதைக் கேட்காத எக்ஸ்டர்னல் இருந்தால் அது உங்கள் அதிர்ஷ்டம்.

இந்த இடத்தில் கொஞ்சம் வரலாறு சொல்லாமல் என்னால் போக முடியாது. இந்தச் செயல்பாட்டை ஸ்மித், வைஸ், கென்னடி மூவரும் 1957-இல் முதன்முதலில் காட்டியது எதில் தெரியுமா? கோழி ஈரலில். நீங்கள் கறிக்கடையில் வாங்கிய அதே உறுப்பு. ஆனால் லிபின்தான் அந்த என்சைம் என்று தெரிய 2006 ஆயிற்று. நாற்பத்தொன்பது ஆண்டுகள்! காரணம் நீங்கள் இன்று மாட்டிக்கொண்டிருக்கும் அதே முடிச்சு. ஒரு செயல்பாடு, இரண்டு குடும்பங்கள், அதில் ஒன்று இடம் மாறிக்கொண்டே இருக்கும். சவ்வில் நிலையாக நிற்கும் வகையின் ஜீன் 1996-இலேயே எலியில் பிடிபட்டது. ஈஸ்டில் அதன் உறவினர்களான டிபிபி1, எல்பிபி1 இரண்டையும் 1998-இல் ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தில் ஜார்ஜ் கார்மனின் குழு அடையாளம் கண்டது. அந்த இரண்டையும் நீக்கிய ஈஸ்டிலும் மக்னீசியம் கேட்கும் செயல்பாடு மிச்சம் இருந்தது. அந்த மிச்சத்தைத் துரத்திப் போய்த்தான் 2006-இல் ஹான், வூ, கார்மன் மூவரும் பாஹ்1 புரதத்தைப் பிடித்தார்கள். அதன் வரிசையைப் பார்த்தால் பாலூட்டிகளின் லிபினின் சாயல்.

லிபினுக்கோ அதற்கு முன்பே தனிக் கதை இருந்தது. கொழுப்பு படிந்த ஈரலோடு பிறந்து, உடலில் கொழுப்புத் திசு உருவாகாமல், நரம்பும் கெட்டுப்போகும் ஒரு சுண்டெலி இனம் 1989-இல் விவரிக்கப்பட்டது. அதன் கெட்டுப்போன ஜீனை 2001-இல் கண்டுபிடித்து லிபின் என்று பெயர் வைத்தார்கள். அந்தப் புரதம் என்ன செய்கிறது என்று மட்டும் யாருக்கும் தெரியவில்லை. ஒரு பக்கம் ஜீன் தெரியாத என்சைம், இன்னொரு பக்கம் வேலை தெரியாத ஜீன். ஈஸ்ட் இரண்டையும் சேர்த்து வைத்தது. நான் ஈஸ்டோடு வாழ்கிறவள், அதனால் இதைச் சொல்லும்போது எனக்குப் பெருமையாகத்தான் இருக்கிறது.

சைட்டோசால் கேள்விக்கு இரவு வந்து எழுதுகிறேன், அது பெரியது.

பார்வையாளர் 77 எழுதியது:

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். அப்பாவின் ஈரல் ரத்தப் பரிசோதனையில் "அல்கலைன் பாஸ்படேஸ்" அதிகம் என்று வந்திருக்கிறது. நீங்கள் பேசுவது அதுதானா? பயப்பட வேண்டுமா?

ஈஸ்ட் அக்கா எழுதியது:

இல்லைங்க, அது வேறு. அல்கலைன் பாஸ்படேஸும் சவ்வில்தான் இருக்கிறது. ஆனால் சவ்வை ஊடுருவாமல், ஒரு லிப்பிட் நங்கூரத்தைப் பிடித்துக்கொண்டு வெளிப்பக்கம் தொங்கும். ஈரலில் பித்தம் இறங்கும் சிறு கால்வாய்களின் சவ்வில் நிறைய உண்டு, அதனால் பித்தவழி அடைபட்டால் ரத்தத்தில் ஏறும். எலும்பிலும் குடலிலும் கூட உண்டு. கொழுப்பான சாப்பாட்டுக்குப் பிறகு சிலருக்குக் குடல் வகை ரத்தத்தில் கூடும், பி, ஓ ரத்த வகைக்காரர்களில் அது அதிகம். ஏறியது ஈரலிலிருந்தா எலும்பிலிருந்தா என்று பார்க்க ஜிஜிடி என்ற இன்னொரு பரிசோதனை செய்வார்கள். ஒரு எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு கவலைப்படாமல், முழு ரிப்போர்ட்டோடு அப்பாவை டாக்டரிடம் அழைத்துப் போங்கள்.

குழந்தைகள் வார்டு எழுதியது:

நான் குழந்தை மருத்துவர். லிபின் என்ற பெயரைப் பார்த்ததும் நின்றுவிட்டேன். இந்த என்சைம் புத்தகத்தில் ஒரு அம்புக்குறியாக இருக்கலாம், எங்களுக்கு அப்படி இல்லை.

நன்றாக ஓடி விளையாடும் இரண்டு மூன்று வயதுக் குழந்தை. ஒரு காய்ச்சல் வருகிறது, சாப்பிட மறுக்கிறது. திடீரென்று கால் வலி, நடக்க முடியவில்லை, சிறுநீர் கோலா நிறத்தில் போகிறது. தசை உடைந்தால் ரத்தத்தில் ஏறும் கிரியாட்டின் கைனேஸ் என்ற என்சைமைப் பார்த்தால் இலட்சத்தைத் தாண்டியும் போகலாம். தசை உடைந்து ரத்தத்தில் கலக்கிறது. பொட்டாசியம் ஏறி இதயத்துடிப்பு தடுமாறலாம், சிறுநீரகமும் பாதிக்கப்படலாம். சரியானதும் அளவு ஏறத்தாழ இயல்புக்கு வந்துவிடும். அதனால் "வைரஸ் காய்ச்சல்" என்று எழுதி அனுப்பிவிட வாய்ப்பு அதிகம். அடுத்த காய்ச்சலில் திரும்ப வரும். இப்படித் திரும்பத் திரும்ப வருகிற குழந்தைகள் சிலரிடம் லிபின் 1 ஜீனின் இரண்டு பிரதிகளும் கெட்டிருப்பது 2008-இல் தெரியவந்தது.

இரண்டு பிரதியும் கெட்டால்தான் நோய் என்பதால், சொந்தத்தில் திருமணம் செய்யும் குடும்பங்களில் இந்த வகை நோய்களுக்கு வாய்ப்பு கூடும். மாமன் மகள், அத்தை மகன் திருமணம் நம்மிடம் இன்றும் இருப்பதால் சொல்கிறேன். காய்ச்சலோடு தசைவலியும் கருஞ்சிறுநீரும் வந்தால் பட்டினி போடாமல் உடனே ஆஸ்பத்திரிக்கு வரவேண்டும். அங்கே குளுக்கோஸும் திரவமும் ஏற்றுவதே முதல் வேலை.

லிபின் 2 கெட்டால் கதை வேறு. அது மஜீத் நோய்க்கூட்டு. சிறு வயதிலேயே கிருமி இல்லாமல் எலும்பில் அழற்சி திரும்பத் திரும்ப வரும், ரத்தசோகையும் சேர்ந்து வரும். ஒரே வேலை செய்யும் சகோதரப் புரதங்கள், ஆனால் உடல் கெடும் இடம் தசை ஒன்றில், எலும்பு மற்றொன்றில். எனக்குப் புரியாத ஒன்றை அக்காவிடம் கேட்கிறேன்: அந்தச் சுண்டெலிக்குக் கொழுப்புத் திசுவே உருவாகவில்லை என்றீர்கள். லிபின் 1 இல்லாத நம் குழந்தைகளுக்கு உடலில் கொழுப்பு சாதாரணமாகத்தான் இருக்கிறது. ஏன்?

ஈஸ்ட் அக்கா எழுதியது:

டாக்டர், நீங்கள் எழுதியதை நான் என் மாணவர்களுக்கும் படிக்கக் கொடுக்கப் போகிறேன். உங்கள் கேள்விக்கு: எலியின் கொழுப்புத் திசு லிபின் 1-ஐ அதிகம் நம்பியிருக்கிறது, மனிதரில் மற்ற லிபின்கள் கைகொடுக்கின்றன என்பதுதான் பொதுவாகச் சொல்லப்படும் விளக்கம். எலியின் நரம்புக் கதை இன்னும் தெளிவு. அங்கே நரம்பைச் சுற்றி மயலின் உறை போடும் ஷ்வான் செல்களில் பாஸ்பாடிடிக் அமிலம் தேங்கி, ஒரு வளர்ச்சிச் சமிக்ஞைத் தொடரைத் தூண்டிவிட்டு, மயலின் உறையைக் கலைத்துவிடுகிறது. கொழுப்பு இல்லாமல் போனதால் வந்த கேடு அல்ல, வெட்டப்படாமல் மிஞ்சியதால் வந்த கேடு.

இப்போது தம்பியின் இரண்டாவது கேள்வி.

பாஸ்பாடிடிக் அமிலம் நிற்கும் இடம் ஒரு பிரிவு. வாய்க்கால் இரண்டாகப் பிரிகிற இடத்தில் இருக்கும் மடையை நினைத்துக்கொள்ளுங்கள். பாஸ்பேட்டை வெட்டினால் டையசில்கிளிசரால். அதிலிருந்து ட்ரைகிளிசரைடு, அதாவது சேமிப்புக் கொழுப்பு. அல்லது கோலின், எத்தனோலமைன் சேர்த்துச் சவ்வுக்கான பாஸ்போலிப்பிட். வெட்டாமல் சிடிபி-டையசில்கிளிசராலாக (CDP-) மாற்றினால் பாஸ்பாடிடில்இனோசிடால், கார்டியோலிபின் என்ற வேறு சவ்வு லிப்பிட்கள். ஈஸ்டில் இந்த இரண்டாவது வழியிலேயே எல்லா முக்கியப் பாஸ்போலிப்பிட்களையும் செய்துகொள்ள முடியும். ஆகவே வெட்டுவதா வேண்டாமா என்பது, செல் இப்போது வளர்கிறதா சேமிக்கிறதா என்ற முடிவு. அப்படிப்பட்ட முடிவை எப்போதும் ஓடிக்கொண்டிருக்கும் ஒரு என்சைமிடம் செல் விட்டுவைக்காது. அதனால்தான் லிபினைச் சவ்விலிருந்து தள்ளி, சைட்டோசாலில் வைத்திருக்கிறது.

எப்படித் தள்ளி வைக்கிறது? லிபின் மேலேயே பல இடங்களில் பாஸ்பேட்டை ஒட்டிவிடுகிறது. உணவு நிறைய இருக்கும்போது எம்டார் உள்ளிட்ட கைனேஸ்கள் (பாஸ்பேட் ஒட்டும் என்சைம்கள்) இதைச் செய்கின்றன. ஒட்டியபடி இருந்தால் அது சைட்டோசாலிலேயே கிடக்கும். அந்தப் பாஸ்பேட்களைக் கழற்ற எண்டோபிளாச வலைச் சவ்விலும் உட்கரு உறையிலும் இன்னொரு பாஸ்படேஸ் காத்திருக்கிறது: ஈஸ்டில் நெம்1–ஸ்போ7 என்ற ஜோடி, நம்மிடம் அதன் உறவினர். கழற்றியதும் புரதத்தின் ஒரு முனையில் உள்ள சுருள், ஒரு பக்கம் எண்ணெய் விரும்பி மறுபக்கம் நீர் விரும்பி, சவ்வுக்குள் செருகிக்கொள்ளும். லிப்பிட்டை வெட்டும் பாஸ்படேஸை வேலைக்கு அழைப்பதே புரதத்திலிருந்து பாஸ்பேட்டை வெட்டும் பாஸ்படேஸ்தான் என்பதை முதலில் படித்தபோது நான் எழுந்து நடக்க ஆரம்பித்துவிட்டேன். வைவாவில் உங்கள் பதில் இதுதான்: சைட்டோசாலில் அது நீந்தவில்லை, நிறுத்திவைக்கப்பட்டிருக்கிறது.

பாஹ்1 நீக்கிய ஈஸ்டை மைக்ரோஸ்கோப்பில் பார்த்திருக்கிறீர்களா? உட்கரு உருண்டையாக இருக்காது. உறை வீங்கி, மடிந்து, செல்லுக்குள் தாறுமாறாக நீண்டு கிடக்கும். வெட்டப்படாத பாஸ்பாடிடிக் அமிலம் ஓபி1 என்ற அடக்கும் புரதத்தை எண்டோபிளாச வலையிலேயே பிடித்து வைத்துக்கொள்கிறது. அது உட்கருவுக்குப் போய் ஜீன்களை அடக்க முடியாததால், பாஸ்போலிப்பிட் செய்யும் ஜீன்கள் திறந்தபடியே ஓடுகின்றன. சவ்வு மேல் சவ்வு. ட்ரைகிளிசரைடோ பெருமளவு விழுந்துவிடும், கொழுப்புத் துளிகள் குறையும், 37 டிகிரியில் தட்டில் வளராது. டையசில்கிளிசராலில் பாஸ்பேட்டைத் திரும்ப ஒட்டும் டிஜிகே1-ஐயும் சேர்த்து நீக்கினால் உட்கரு மீண்டும் உருண்டையாகிறது. ஈஸ்டின் அந்தக் கைனேஸ் ஏடிபி-யை (ATP) விட்டுவிட்டு சிடிபி-யிலிருந்து (CTP) பாஸ்பேட் எடுக்கிறது என்பது தனி ஆச்சரியம்.

உங்கள் ஈரலுக்குத் திரும்பினால்: எலி ஈரல் செல்களுக்கு ஓலியிக் அமிலம் கொடுத்தால் இந்தச் செயல்பாடு சைட்டோசாலிலிருந்து சவ்வுக்கு நகர்வதை 1980-களிலேயே பிரிண்ட்லி குழு காட்டியது. பறவைகளில் கொழுப்பு அமிலம் பெரும்பாலும் உற்பத்தியாவதே ஈரலில்தான், எனவே நல்ல உறுப்பைத்தான் எடுத்திருக்கிறீர்கள். ஆனால் வெட்டுவதற்கு முன் கோழிக்கு எவ்வளவு நேரம் தீனி நிறுத்தப்பட்டது என்று கடைக்காரரிடம் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். சைட்டோசால்–சவ்வு விகிதம் ஒவ்வொரு வாரமும் மாறினால் காரணம் உங்கள் கை அல்ல, கோழியின் வயிறாக இருக்கலாம்.

புற்றுசெல் எழுதியது:

அருமை. பி-டென் பற்றியும் ஒரு வரி சொல்லுங்களேன், அதுவும் லிப்பிட் பாஸ்படேஸ்தானே?

ஈஸ்ட் அக்கா எழுதியது:

ஆமாம். ஆனால் அது சேமிப்பைத் தொடுவதில்லை, சவ்வில் எழுதப்படும் சமிக்ஞையை அழிக்கிறது. 1997-இல் புற்றை அடக்கும் ஜீனாகத்தான் பிடித்தார்கள். வரிசையைப் பார்த்துப் புரதத்திலிருந்து பாஸ்பேட்டை வெட்டும் பாஸ்படேஸ் என்று நினைத்தார்கள். 1998-இல் மயேஹாமாவும் டிக்சனும் அதன் இலக்கு ஒரு லிப்பிட், பாஸ்பாடிடில்இனோசிடால்-3,4,5-ட்ரிஸ்பாஸ்பேட், என்று காட்டினார்கள். அது 3-ஆம் இடத்துப் பாஸ்பேட்டை எடுக்கும். ஷிப்2 என்ற இன்னொன்று அதே மூலக்கூறில் 5-ஆம் இடத்தை எடுக்கும். எந்தக் கார்பனில் வெட்டுகிறோம் என்பதைப் பொறுத்துச் செல்லுக்குக் கிடைக்கும் செய்தி மாறிவிடும். லோ நோய்க்கூட்டில் கெடும் ஓசிஆர்எல், தசைநோயில் கெடும் மயோடியூபுலாரின் எல்லாம் இந்த வரிசைதான். தனி இழை தொடங்குங்கள், வருகிறேன்.

சோதனைக்குழாய் எழுதியது:

அக்கா, எதில்மாலிமைடு போட்டாச்சு. பெல்லட்டில் ஈடிடிஏக்கு நின்ற பங்கும் இதற்கு நின்ற பங்கும் கிட்டத்தட்ட ஒன்றுதான்! கைடிடம் காட்டினேன், கொஞ்ச நேரம் கிராஃபையே பார்த்துவிட்டு "இரண்டு தலைப்பாகப் பிரித்து எழுது" என்றார். டிஎல்சி அடுத்த வாரம். மக்னீசியம் எவ்வளவு வைக்கலாம்? இப்போது 5 மில்லிமோலார் வைத்திருக்கிறேன்.

ஈஸ்ட் அக்கா எழுதியது:

சந்தோஷம் தம்பி! ஈஸ்ட் பாஹ்1-க்கு நாங்கள் வைப்பது 1 மில்லிமோலார், பிஹெச் 7.5, ட்ரைட்டான் பாஸ்பாடிடிக் அமிலத்தைப் போல் பத்து மடங்கு மோல். ஈரலுக்கு அது அப்படியே பொருந்த வேண்டும் என்றில்லை. 0.5-இலிருந்து 5 வரை ஒரு வரிசை ஓட்டி உச்சம் எங்கே என்று நீங்களே பாருங்கள். ஈடிடிஏ குழாயில் ஈடிடிஏ மக்னீசியத்தைவிட அதிகமாக இருக்கிறதா என்று கணக்குப் போட்டுவிட்டு ஆரம்பியுங்கள். டிஎல்சி தட்டின் படத்தை இங்கேயே போடுங்கள், டையசில்கிளிசரால் புள்ளி எது என்று சேர்ந்து பார்ப்போம்.